பார்சிப் பெயரில் பதினொரு நாள்

"நம்மகிட்ட மறைக்கிறதுக்கு என்ன தோழர் இருக்கு?" என்கிறார் ஒருவர். "வி.பி.என். இல்லாம போனையே தொறக்காதீங்க" என்கிறார் இன்னொருவர். முதலாமவர் சேரியில் பிறந்து இருபது வருஷமாக இயக்கத்தில் இருப்பவர். அவர்மேல் நாலு வழக்கு நடக்கிறது. இரண்டாமவர் ஏ.சி. அரங்கில் நடந்த 'டிஜிட்டல் உரிமை'ப் பயிலரங்கிலிருந்து நேராக வந்து இறங்கியவர். அவரிடம் கருவிகளின் பட்டியல் இருக்கிறது. சேரிக்கு வழி கேட்டால் போனில் வரைபடத்தைத் திறப்பார். இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்காணிப்பு என்பது இன்டர்நெட்டோடு வந்து இறங்கிய சரக்கு என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருப்பதுதான் கோளாறு.

சேரிக்கு இது புதுசா? ஊர் டீக்கடை பெஞ்சைத் தாண்டாமல் நம்மில் எத்தனை பேர் பஸ் ஏறியிருக்கிறோம்? எவன் புதுச்சட்டை போட்டிருக்கான், எவன் வீட்டுக்கு வெளியூர் ஆள் வந்திருக்கு, யார் வீட்டுப் பொண்ணு காலேஜுக்கு எந்த பஸ்ல போவுது, எவன் மீசையை முறுக்கி வச்சிருக்கான் - எல்லாம் அந்த பெஞ்சில் பதிவாகும். அந்தப் பதிவேட்டுக்கு மின்சாரம்கூடத் தேவையில்லை. ஃபூக்கோவைப் படித்துத்தான் கண்காணிப்பு என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளும் நிலையில் நம் அம்மாக்கள் யாரும் இல்லை.

அரசாங்கப் பதிவேடும் பழசுதான். 1871-இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911 சட்டத்தோடு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர், பிரமலைக் கள்ளர் என்று பல சாதிகள் பிறப்பாலேயே குற்றவாளிகள் ஆக்கப்பட்டன. ஊரைவிட்டுப் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும், வந்தால் வந்து காட்ட வேண்டும், பத்து விரலையும் மையில் தோய்த்துக் கொடுக்க வேண்டும். 'ரேகைச் சட்டம்' என்றே மக்கள் அதற்குப் பேர் வைத்தார்கள். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டுக் கொன்றார்கள். (அந்தச் சாவுகளை வருஷா வருஷம் நினைவுகூர்கிறவர்கள், இன்று தங்கள் கண் சேரிப்பக்கம் எப்படித் திரும்புகிறது என்பதையும் யோசிக்கலாம். அது தனிக் கட்டுரைக்கான சங்கதி.)

ஆகவே, மறைக்க ஒன்றுமில்லை என்ற தோழரே, உங்கள் போனை எடுங்கள். வன்கொடுமை நடந்த ஊரில் ராத்திரியில் உங்களுக்கு வாக்குமூலம் கொடுத்த பெண்ணின் எண் அதில் இருக்கிறது. நீங்கள் படுத்து எழுந்த வீட்டுக்காரரின் எண் இருக்கிறது. அந்த வீட்டுக்காரர் விடிந்தால் ஆதிக்கச் சாதிக்காரன் வயலுக்குத்தான் கூலிக்குப் போக வேண்டும். சாதி தாண்டிக் கல்யாணம் செய்து வேறு மாவட்டத்துக்கு ஓடிப்போன இரண்டு பிள்ளைகளின் இருப்பிடம், வாட்ஸ்அப்பில் அவர்களே அனுப்பிய வரைபடமாக இருக்கிறது. உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லாமல் இருக்கலாம். உங்கள் போனுக்குள் இருக்கிறவர்களுக்கு உயிர் இருக்கிறது.

இனி கருவிக்காரரிடம் வருவோம்.

*

நகரத்தில் வீடு தேடிப் போகிறோம். "எந்த ஊரு?" என்கிறார் வீட்டுக்காரர். சொல்கிறோம். "ஊர்ல எந்தத் தெரு?" என்கிறார். இந்த ரெண்டாவது கேள்விக்குத்தான் முதல் கேள்வியே. அந்த இடத்தில் நம்மில் பலர் ஒரு தெருப்பெயரைச் சொல்லியிருக்கிறோம். அது நம் தெரு இல்லை. வி.பி.என். செய்கிற காரியமும் இதேதான்: உன் முகவரியை வாங்கி வைத்துக்கொண்டு வேறொரு தெருவின் முகவரியை எதிராளிக்குக் காட்டுகிறது. நம் சனம் இந்தத் தொழில்நுட்பத்தைக் கண்டுபிடித்து ரொம்ப காலமாகிறது. அதன் விலையும் நமக்குத் தெரியும். கூடத்தில் அம்பேத்கர் படம் மாட்ட முடியாது. ஊரிலிருந்து அம்மா வந்தால், "பக்கத்து வீட்டம்மாகிட்ட ரொம்பப் பேசாதம்மா" என்று சொல்ல வேண்டிவரும். அதைச் சொன்ன வாயோடு மேடையில் அடையாள அரசியல் பேச வேண்டிவரும்.

அண்ணல் அம்பேத்கரே இந்தக் கருவியைப் பயன்படுத்தியவர். 1917-இல், கொலம்பியாவில் படித்துத் திரும்பியவர், பரோடா சமஸ்தானத்தில் வேலையில் சேரப் போனார். தங்க இடமில்லை. பார்சிகளுக்கென்று இருந்த ஒரு விடுதியில், அதைப் பார்த்துக்கொண்ட காவலாளியின் சம்மதத்தோடு, ஒரு பார்சிப் பெயரில் பதிவேட்டில் பதிந்துகொண்டு தங்கினார். 'வெயிட்டிங் ஃபார் எ விசா' குறிப்புகளில் அவரே இதை எழுதியிருக்கிறார். வெளிச்சம் இல்லாத பெரிய கூடம், பேச்சுத்துணைக்கு ஆளில்லை, புத்தகமே கதி. பதினொராவது நாள் தடியோடு பத்துப் பன்னிரண்டு பார்சிகள் மாடியேறி வந்து நின்றார்கள். நீ யார் என்றார்கள். சாயங்காலத்துக்குள் காலிபண்ணு என்றார்கள். நண்பர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். யாரும் இடம் கொடுக்கவில்லை.

கருவிக்காரரே, இந்தக் கதையில் உங்கள் கருவி எது? அந்தக் காவலாளியும் அவருடைய பதிவேடும்தான். காசு வாங்கிக்கொண்டு வேறு பெயரில் இருக்க இடம் கொடுப்பவர். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் உண்மையான பெயர் அவருக்குத் தெரியும். தடி எடுத்துவந்தவர்கள் முன்னால் நிற்க வேண்டியது அவர் இல்லை, நீங்கள்.

வி.பி.என். போட்டால் ஏர்டெல்லுக்கும் ஜியோவுக்கும் நீ எந்தத் தளத்துக்குப் போகிறாய் என்று தெரியாமல் போகும், வி.பி.என். வைத்திருக்கிறாய் என்பது மட்டும் தெரியும். அதுவரை அவர்கள் பார்த்ததை இனி வி.பி.என். கம்பெனி பார்க்க முடியும். உளவு பார்க்கும் கண் இடம் மாறியதே தவிர மூடவில்லை. 'இலவசம்' என்று கொடுப்பவனிடம் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். ஃபேஸ்புக் 2013-இல் வாங்கிய ஓனாவோ என்ற இலவச வி.பி.என். "உங்களைப் பாதுகாக்கும்" என்று விளம்பரப்படுத்தப்பட்டது. அதை நம்பிப் போட்டவர்கள் போனில் எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற தகவல் எல்லாம் ஃபேஸ்புக்குக்குப் போய்ச் சேர்ந்தது. 2019-இல் மூடினார்கள். 2023-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் இதற்காக 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. வேலி பயிரை மேய்ந்த கதைதான்.

காசு கொடுத்து வாங்கினால்? 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு ஓர் ஆணை போட்டது. வி.பி.என். கம்பெனிகள் வாடிக்கையாளர் பெயர், முகவரி, போன் எண், எதற்காக வாங்குகிறார் என்ற காரணம் உள்பட எல்லாவற்றையும் 5 வருஷம் வைத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ், நார்டு, சர்ஃப்ஷார்க், புரோட்டான் போன்றவை முடியாது என்று இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை எடுத்துக்கொண்டு போயின. இதில் ஒரு வேடிக்கை: பெருங்கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்காக வைத்திருக்கும் வி.பி.என்.களுக்கு இந்த ஆணை பொருந்தாது என்று செர்ட்-இன்னே விளக்கம் கொடுத்தது. கம்பெனியின் ரகசியம் ரகசியம். உன் ரகசியம் சந்தேகம்.

நான் வங்கியில் எழுத்தர் வேலை பார்க்கிறவன். அதனால் ஒன்று சொல்ல முடியும். அந்த வி.பி.என்.னுக்கு நீ யு.பி.ஐ.யில் காசு கட்டினால், கட்டியது உன் கணக்கில் வரியாக நிற்கும். கணக்கின் பின்னால் ஆதார், பான், போன் எண். போன் எண்ணின் பின்னால் சிம் வாங்கக் கொடுத்த அடையாள அட்டை. முகமூடி வாங்கிய ரசீதில் சொந்தப் பேர் இருக்கிறது. அதே வி.பி.என்.னைப் போட்டுக்கொண்டு வங்கி ஆப்பைத் திறந்தால், காலையில் திருவண்ணாமலையில் இருந்தவர் மதியம் ஆம்ஸ்டர்டாமில் எப்படி இருப்பார் என்று பாதுகாப்பு ஏற்பாடு சந்தேகப்பட்டுக் கணக்கை நிறுத்தலாம். கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் அன்றைக்கு அது நின்றால் யார் பதில் சொல்வது? கருவிக்காரருக்கு இன்னொரு கணக்கு, இன்னொரு கார்டு, அப்பா இருக்கிறார். முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அந்த ஒரு கணக்குதான், அதில்தான் உதவித்தொகை வருகிறது.

*

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. தனியாக ஒளிகிறவன்தான் முதலில் தெரிவான்.

முகவரியை மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். நம் போனின் திரை அளவு, எழுத்துரு, மொழி, பிரவுசரின் வகை எல்லாம் சேர்ந்து அதற்கென்று ஒரு ரேகை விழுகிறது. ஆம், அதே ரேகைதான்; இந்தத் தடவை மை தொட வேண்டியதில்லை. 2010-இல் அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் 4,70,000 பிரவுசர்களைச் சோதித்ததில் நூற்றுக்கு 83-க்கு மேல் மற்ற எதனோடும் ஒத்துப்போகாமல் தனியாகத் தெரிந்தன. விளம்பரத்தைத் தடுக்க ஒன்று, குக்கீயைத் தடுக்க ஒன்று என்று யாரும் வைத்திராத ஒட்டுவேலைகளை மாட்ட மாட்ட, உன் ரேகை இன்னும் தனித்துத் தெரியவும் வாய்ப்பிருக்கிறது. விளம்பரக்காரன் தொல்லை குறையும் என்பது உண்மை, அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒளிந்துவிட்டோம் என்று நினைத்துவிடக் கூடாது.

டோர் என்ற கருவி இதைப் புரிந்துகொண்ட கருவி. மூன்று கை மாற்றி அனுப்புகிறது. முதல் கைக்கு நீ யாரென்று தெரியும், போகும் இடம் தெரியாது. கடைசிக் கைக்குப் போகும் இடம் தெரியும், நீ யாரென்று தெரியாது. அதோடு தன்னைப் பயன்படுத்தும் எல்லோரையும் கூடியமட்டும் ஒரே மாதிரி காட்டப் பார்க்கிறது. விலை: நத்தை வேகம், பாதித் தளங்கள் உள்ளே விடாது, "நீ மனுசன்தானா" என்று ஒவ்வொரு வாசலிலும் நிரூபிக்கச் சொல்லும். (நமக்குப் பழக்கமான கேள்வி!) இத்தனை கொடுத்தும், கூட்டம் இல்லாவிட்டால் அது காப்பாற்றாது. 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் பரீட்சையைத் தள்ளிவைக்க டோர் வழியாகப் பொய் வெடிகுண்டு மிரட்டல் அனுப்பினார். பல்கலைக்கழக வைஃபையில் அந்த நேரம் டோர் பயன்படுத்தியது யார் என்று பார்த்தார்கள், விசாரித்தார்கள், ஒப்புக்கொண்டார். கருவி உடையவில்லை. தனியாக இருந்ததால் மாட்டினார். பொய் மிரட்டல்காரருக்காக நாம் கண்ணீர் விட வேண்டாம். பாடம் மட்டும் நமக்கு வேண்டும். ஒரு வட்டத்தில் ஒரே ஒரு தோழர் சிக்னலும் டோரும் வைத்திருந்தால், உளவுத் துறைக்கு எந்த ஆளைப் பார்க்க வேண்டும் என்று நாமே அம்புக்குறி போட்டுக் கொடுத்த மாதிரி. காஷ்மீரில் 2020 பிப்ரவரியில், வி.பி.என். வழியாகச் சமூக ஊடகத்துக்குள் போனவர்கள்மேல் ஊபா சட்டத்தில் முதல் தகவல் அறிக்கையே போட்டார்கள். கருவியை வைத்திருப்பதே குற்றத்தின் வாசலாகும் காலமும் இடமும் உண்டு.

எனவே கருவி தனிநபர் ஒழுக்கம் இல்லை. பத்துப் பேர் சேர்ந்து போட்டால்தான் ஒருத்தருக்குக் காப்பு. இயக்கத்தில் முடிவெடுத்துச் செய்ய வேண்டிய காரியத்தைக் கருவிக்காரர்கள் ஒவ்வொருவரும் கடையில் வாங்கிக்கொள்ளும் பொருளாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். என் சண்டை இங்கேதான்.

*

மறைவது மட்டும் நம் தேவையா? நாம் பார்க்கப்படாமலே செத்த சனம்.

2015 ஜூன் மாதம் கோகுல்ராஜைத் திருச்செங்கோட்டுக் கோயிலிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். தண்டவாளத்தில்தான் உடல் கிடைத்தது. நேரில் பார்த்த சாட்சி நீதிமன்றத்தில் பிறழ்ந்தது. பிறழாமல் நின்றது கோயில் வாசல் கேமரா. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் யுவராஜுக்கும் மற்றவர்களுக்கும் ஆயுள் தண்டனை கொடுத்தது. 2023-இல் உயர்நீதிமன்றம் யுவராஜின் தண்டனையை உறுதிசெய்தது. அதே யுவராஜ் 2015-இல் மாதக்கணக்கில் தலைமறைவாக இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பிப் போலீசுக்குச் சவால் விட்டுக்கொண்டிருந்ததையும் மறந்துவிட வேண்டாம். ஒளிந்துகொள்ளும் கலை ஒடுக்கப்பட்டவனுக்கு மட்டும் சொந்தம் என்று எந்தக் கருவியிலும் எழுதியிருக்கவில்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கரைப் பட்டப்பகலில் வெட்டியதும் கேமராவில் இருந்தது. அந்தப் படம் இல்லாவிட்டால் என்ன கதை கட்டியிருப்பார்கள் என்று நமக்குத் தெரியாதா?

தானாக அழியும் செய்தியைப் பற்றி ஆஹா ஓஹோ என்று பேசுகிறார்கள். சிக்னலில் ஒரு வாரத்தில் அழியும்படி வைத்துக்கொள்ளலாம். நல்லது. ஆனால் சாதிப் பெயர் சொல்லி நம் பெண்ணை ஒருவன் திட்டி அனுப்பிய செய்தியும் சேர்ந்து அழியுமே? இணையத்தில் ஏற்றிய காணொளியில் பழங்குடிப் பெண்ணை இழிவாகப் பேசியவருக்கு 2022-இல் கேரள உயர்நீதிமன்றம் முன்ஜாமீன் மறுத்தது. அவர் எதிரில் இல்லாவிட்டாலும், யாரும் எப்போதும் பார்க்கக்கூடிய இடத்தில் பேசியது வன்கொடுமைச் சட்டத்துக்குள் வரும் என்றது. இப்படிப்பட்ட வழக்குக்கு ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழும் ஹாஷ் எண்ணும் கேட்கிறது. ஹாஷ் என்பது கோப்பின் ரேகை. ஓர் எழுத்து மாறினாலும் ரேகை மாறிவிடும். போனை அப்படியே பத்திரப்படுத்தி வைத்திருப்பவருக்குத்தான் வழக்கு. தப்பிப்பதற்காக எல்லாவற்றையும் அழித்துக்கொண்டே போகிறவர், அடித்தவனுக்கும் சேர்த்துத் துடைத்துக் கொடுக்கிறார்.

ஆக, எதை மறைப்பது, எதைக் காப்பது? இதற்கு விடை தேடிப் பயிலரங்குக்குப் போக வேண்டாம். 2016 ஜனவரி 26 முதல் நடப்பில் இருக்கும் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15-ஏ பிரிவைப் படியுங்கள். சாட்சியின் பெயரையும் முகவரியையும் பொதுப் பதிவுகளில் மறைத்துவைக்கச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. அதே பிரிவு, வழக்கு நடவடிக்கை முழுவதையும் வீடியோவில் பதிவு செய்யச் சொல்கிறது. சாட்சியை மறை, சாட்சியத்தைக் காப்பாற்று. நம் சனம் ரத்தம் சிந்தி வாங்கிய சட்டம் இது. எந்தக் கருவிப் பட்டியலிலும் இவ்வளவு தெளிவு கிடையாது.

*

கருவியை நம்பி இருந்துவிடக் கூடாது என்பதற்கு பீமா கோரேகான் வழக்கு போதும். 2018 ஜூனில் கைதானவர்களில் நாக்பூர் தலித் வழக்குரைஞர் சுரேந்திர காட்லிங்கும் இருந்தார், 'வித்ரோஹி' என்ற மராத்திச் சிற்றிதழின் ஆசிரியர் சுதிர் தவாலேவும் இருந்தார். நம்மைப்போல் பத்திரிகை நடத்திய ஆள்! கைதான ரோனா வில்சனின் மடிக்கணினிக்குள் வெளியிலிருந்து உளவுநிரல் நுழைந்து கடிதங்களைக் கொண்டுவந்து வைத்தது என்று அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் 2021 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. பிறகு காட்லிங் கணினி குறித்தும், திருச்சி மண்ணில் பிறந்து ஜார்கண்டில் ஆதிவாசிகளோடு வாழ்ந்து 2021 ஜூலை 5 அன்று காவலில் இருந்தபடியே இறந்த ஸ்டான் சுவாமியின் கணினி குறித்தும் அதே மாதிரி அறிக்கைகள் வந்தன. தேசியப் புலனாய்வு முகமை இவற்றை ஏற்கவில்லை. 2019-இல் வாட்ஸ்அப் வழியாகப் பெகாசஸ் ஏவப்பட்டவர்கள் என்று வாட்ஸ்அப்பே எச்சரித்தவர்களில் ஆனந்த் டெல்டும்டேவும் இருந்தார். செய்தியைப் பூட்டும் பூட்டு அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்குள்ளேயே ஆள் உட்கார்ந்திருந்தால் வாசல் பூட்டு என்ன செய்யும்? அதனால் பூட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2016-இல் அமெரிக்க நீதிமன்றம் கேட்டபோது சிக்னலிடம் கொடுக்க இருந்தது கணக்குத் தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டுமே. சேர்த்து வைக்காதவனிடம் பிடுங்க முடியாது. சாதாரண உளவுக்கு அது நல்ல தடை.

கருவியே இல்லாதவர்களை எங்கே வைப்பது? நாக்பூரிலும் சண்டிகரிலும் பஞ்ச்குலாவிலும் துப்புரவுத் தொழிலாளர் கையில் ஜி.பி.எஸ். கடிகாரம் கட்டினார்கள். எங்கே நின்றார், எவ்வளவு நேரம் நின்றார் என்று எல்லாம் போகும். கழற்றினால் கூலி போகும். கழிப்பறைக்குப் போகும்போதும் அது பார்க்கிறதோ என்று பெண்கள் பயந்தார்கள். அந்தக் கையில் போய் எந்த வி.பி.என்.னை மாட்டுவீர்கள்? அந்தக் கடிகாரத்துக்கு சங்கம்தான் கருவி, வேலைநிறுத்தம்தான் கருவி.

மேலே இருக்கிறவனுக்கோ அந்தரங்கம் கேட்காமலே கிடைக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அந்தப் பெயரைச் சொல்லி 2023-இல் வந்த தனிநபர் தரவுச் சட்டத்தின் 44(3) பிரிவு தகவல் உரிமைச் சட்டத்தைத் திருத்தியது. 2025 நவம்பரில் அது நடப்புக்கும் வந்துவிட்டது. ஆதிதிராவிடர் நலத் தொகையில் யார் பெயரில் எவ்வளவு எடுத்தான், பஞ்சமி நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால், 'தனிநபர் தகவல்' என்று சொல்லிக் கதவைச் சாத்த வழி உண்டாகிவிட்டது. டிஜிட்டல் உரிமைக்காரர்களில் சிலர் இதை எதிர்த்தார்கள், மறைக்கவில்லை. ஆனால் நம்மிடம் பாடம் எடுக்க வரும்போது அவர்கள் கொண்டுவருவது வி.பி.என். பட்டியல்தான், 44(3) இல்லை.

அடுத்த முறை உண்மை அறியும் குழு ஊருக்குள் போகும்போது, போவதற்கு முன்னால் உட்கார்ந்து பேசுங்கள். வாக்குமூலம் யார் போனில் பதிவாகும்? சொன்னவர் பெயரும் சொன்ன சொல்லும் ஒரே இடத்தில் இருக்கலாமா? மூலப் பதிவு எந்த வழக்குரைஞரிடம் அன்றைக்கே போய்ச் சேரும்? குழுவில் எல்லோரும் சிக்னலுக்கு மாறுகிறோமா, இல்லை ஒருவரும் வேண்டாமா? படத்தில் அந்த வீட்டுக் கதவு தெரிகிறதா? வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்திருக்கும் இருநூறு பேரில் நமக்கு நேரில் தெரிந்தவர் எத்தனை பேர்? கருவிக்காரத் தோழர் இந்தக் கூட்டத்துக்கு வரட்டும், தரையில் உட்காரட்டும். அவருக்குத் தெரிந்ததும் நமக்கு வேண்டும்.